எங்கள் மத்தியும் கேரளத்து மத்தியும் ஒரே கூட்டமா? துடுப்பை நறுக்கிக்கொண்டு போனார்கள்

தரங்கைப் படகு:

வணக்கம். தரங்கம்பாடிக்குத் தெற்கே ஓர் ஊரில் ஃபைபர் படகு வைத்திருக்கிறேன். கடலுக்குப் போகத் தொடங்கி 26 ஆண்டுகள் ஆகின்றன. இங்கே இதுவரை என்ஜின் கோளாறு பற்றி மட்டுமே கேட்டிருக்கிறேன். இன்றைக்குக் கேள்வி வேறு.

போன வியாழக்கிழமை எங்கள் ஏலக்கூடத்துக்கு இரண்டு மாணவர்கள் வந்தார்கள், ஒரு பையனும் ஒரு பெண்ணும். குவியலில் இருந்து ஐம்பது மத்தியை விலை கொடுத்து வாங்கி, தரையில் பிளாஸ்டிக் தாளை விரித்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு மீனையும் அளவுகோலில் கிடத்தி நீளம் எழுதினார்கள். பிறகு வால் துடுப்பில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, விரல் நீளக் குப்பியில் போட்டு மூடினார்கள். குப்பிக்குள் தண்ணீர் போல ஏதோ இருந்தது. என் பெரியப்பா ஒன்றை வாங்கி முகர்ந்துவிட்டு, "சாராயம்தானே இது, மீனுக்கா ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்டார். அந்தப் பெண் குப்பியைப் பதறிப் பிடுங்கிக்கொண்டாள். நறுக்கிய மீனையெல்லாம் எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். அன்று நாலு வீட்டில் வால் அறுந்த மத்தியில்தான் குழம்பு.

எதற்கு என்று கேட்டேன். இங்குள்ள மத்தியும் கேரளத்து மத்தியும் ஒரே கூட்டமா, தனித்தனிக் கூட்டமா என்று மரபணுவை வைத்துப் பார்க்கப் போகிறார்களாம். பெரியப்பாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. "அங்கே பிடிக்கும் மத்தியை வாணலியில் போட்டால் அதன் நெய்யிலேயே பொரியும். நம் மத்திக்கு நாம்தான் எண்ணெய் ஊற்ற வேண்டும். இரண்டும் எப்படி ஒன்றாகும்?" என்கிறார். அவர் வாலிபத்தில் இந்தக் கரையில் கவலை, சூடை என்ற மீன்கள்தான் குவியுமாம். மத்தி எப்போதாவது வந்தால் வேடிக்கை பார்ப்பார்களாம்.

நான் கேட்க விரும்புவது இரண்டு. நகம் அளவுத் துடுப்பை வைத்து ஒரு மீன் எந்தக் கூட்டம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் எங்களுக்கு என்ன ஆகும், வேறு என்று சொன்னால் என்ன ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அக்கரைப்பேட்டை விசை:

என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். எங்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் முன்பு 45 நாள். இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அடுத்து மரபணுவைக் காட்டி இன்னும் பத்து நாள் கூட்டுவார்கள். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது என்பதால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது. கேரளத்தில் சுருக்குவலை போட்டு வாரிக்கொண்டு போகிறவர்களிடம் போய் முதலில் துடுப்பை நறுக்கட்டும்.


உவர்நீர்:

சுருக்குவலைச் சண்டையை இந்த இழைக்குள் கொண்டுவர வேண்டாம், அண்ணா. அதற்குத் தனியாக நாற்பது பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது.

தரங்கைப் படகு அண்ணாவுக்கு: நானும் கடற்கரைக் குடும்பம்தான், ஊர் பூம்புகார்ப் பக்கம். மீன்வளம் படித்துவிட்டு ஒன்பது ஆண்டுகள் ஆய்வகத்தில் இதே துடுப்பு நறுக்கும் வேலை செய்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நெய் விஷயம். பெரியப்பா சொல்வது நாக்கறிந்த உண்மை, அதில் குறையில்லை. ஆனால் மீனின் கொழுப்பை முடிவு செய்வது அது தின்ற இரையும், பிடித்த மாதமும், சினை விட்டதா இல்லையா என்பதும். ஒரே தாய் வயிற்று மக்களில் ஒருவர் துபாயில் இருந்து தொப்பையோடு வருகிறார், இன்னொருவர் இங்கே வலை இழுத்து ஒல்லியாக இருக்கிறார் அல்லவா? உடம்பு மாறியதால் உறவு மாறிவிடாது. இதனால்தான் நிறம், ருசி, பருமன் இவற்றை விட்டுவிட்டு மரபணுவுக்குப் போகிறார்கள்.

துடுப்பில் உள்ள ஒவ்வொரு செல்லிலும் அந்த மீனின் முழு மரபணுத் தொகுதியும் இருக்கிறது. அது நான்கே எழுத்துகளால் எழுதிய மிக நீண்ட வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மத்திக்கும் ஏறக்குறைய ஒரே வரிதான். அங்கங்கே ஓர் எழுத்து மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அப்படி மாறும் இடங்களை ஆயிரக்கணக்கில் எடுத்து, இந்தக் கரையில் எந்த எழுத்து எத்தனை சதவீதம், அந்தக் கரையில் எத்தனை சதவீதம் என்று எண்ணுகிறார்கள். ஒரு மீனை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதனால்தான் ஐம்பது. 2023ல் கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மத்தியின் முழு மரபணுத் தொகுதியையும் வெளியிட்டது. அதற்கு முன்பு இருட்டில் தடவுகிற மாதிரிதான் இந்த வேலை நடந்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இங்கேதான் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள்.

இரண்டு கடற்கரை ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமுறைக்கு ஒன்றிரண்டு பெண் கொடுத்து எடுக்கிறார்கள், அவ்வளவுதான். முந்நூறு ஆண்டு கழித்து இரண்டு ஊராரின் மரபணுவையும் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்தச் சிறிய கொண்டான் கொடுத்தான் உறவே இரண்டையும் கலந்துவிடப் போதும். ஆனால் ஒரு பேரிடரில் ஓர் ஊர் காலியாகிவிட்டது என்றால், மற்ற ஊரில் இருந்து ஆள் வந்து அந்த வீடுகளை நிரப்புவார்களா? தலைமுறைக்கு இரண்டு மருமகள்களால் ஊர் நிரம்பாது. மீனும் அப்படித்தான். மரபணுவில் வேறு என்று வந்தால் அது உறுதியான சாட்சி, இரண்டையும் தனித்தனியாகத்தான் கணக்கு வைக்க வேண்டும். வேறுபாடு தெரியவில்லை என்று வந்தால் அது அரை சாட்சி. "இங்கே எவ்வளவு பிடித்தாலும் அங்கிருந்து வந்து நிரம்பிவிடும்" என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

கேரளத்தில் 2012ல் 3.92 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021ல் வெறும் 3,297 டன். இரண்டும் ஒரே கூட்டம் என்றால் அந்த அடி இந்தக் கரைக்கும் சேர்ந்து விழும், இரண்டு கரையின் பிடிப்பையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். வேறு கூட்டம் என்றால் அவர்கள் கணக்கை வைத்து உங்களுக்கு விதி போடுவது தவறு, உங்கள் மத்தி எந்த மாதம் சினை வைக்கிறதோ அதைப் பார்த்துப் போட வேண்டும். பெரியப்பா சொன்ன இன்னொன்றும் சரிதான். கிழக்குக் கரையில் மத்தி பெருமளவில் வரத் தொடங்கியது 1980களின் பிற்பகுதிக்குப் பிறகுதான். குமரிமுனையைச் சுற்றி வந்து குடியேறியதா, இங்கேயே சிறு கூட்டமாக இருந்து பெருகியதா என்பது அந்தக் குப்பிகளில் இருக்கிறது.

ஐரோப்பாவில் ஹெர்ரிங் என்று ஒரு மீன் உண்டு, மத்திக்குத் தூரத்துச் சொந்தம். முன்பெல்லாம் மரபணுவில் சில இடங்களை மட்டும் சோதித்துவிட்டு எல்லாம் ஒன்றுதான் என்றார்கள். முழுத் தொகுதியையும் படித்த பிறகுதான், வசந்தத்தில் சினை விடுவதும் இலையுதிர்காலத்தில் சினை விடுவதும் மரபணுவின் சில இடங்களில் தெளிவாகப் பிரிந்து நிற்பது தெரிந்தது. மற்ற இடமெல்லாம் ஒன்று. ஆகவே, மரபணுவில் எத்தனை இடத்தில் பார்க்கிறீர்கள் என்று அந்த மாணவர்களிடம் கேளுங்கள். அது கேட்க வேண்டிய கேள்வி.


அக்கரைப்பேட்டை விசை:

சரி சகோதரி, விளங்குகிறது. ஆனால் எந்த நாட்டிலாவது இதை வைத்து மீனவனுக்கு ஒரு நல்லது நடந்திருக்கிறதா? கட்டுரை எழுதிப் பட்டம் வாங்கியது கணக்கில் வராது.


உவர்நீர்:

நடந்திருக்கிறது. நார்வேயில் லோஃபோட்டன் என்று தீவுகள். குளிர்காலத்தில் வடக்கே பேரன்ட்ஸ் கடலில் இருந்து காட் மீன் பெருங்கூட்டமாக அங்கே சினை விட வரும். இந்த முறை தொடங்கியபோது நல்ல நிலையில் இருந்த கூட்டம், தாராளமாகப் பிடிக்க முடிந்தது. அதே இடத்தில் கரையோரக் காட் என்று இன்னொரு கூட்டம், நலிந்து கிடக்கிறது. கண்ணால் பார்த்தால் பிரிக்க முடியாது, வலைக்கும் தெரியாது. முன்பாக இருந்தால் கடலை மொத்தமாக மூடியிருப்பார்கள். அங்கே படகில் இருந்தே மாதிரி எடுத்து அனுப்புகிறார்கள், 24 மணி நேரத்துக்குள் மரபணு முடிவு வந்துவிடுகிறது. கரையோரக் காட் அதிகமாக இருந்தால் அந்தப் பகுதி மூடியிருக்கும், வந்த கூட்டம் அதிகமாக இருந்தால் திறப்பார்கள். மூடுவதற்கு மட்டுமல்ல, திறப்பதற்கும் இது உதவுகிறது. உங்கள் கேள்விக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.


மன்னார்குடிக் கணக்கு:

நான் கணக்கு வாத்தியார், மீனைத் தட்டில் பார்த்ததோடு சரி. ஆனால் இதில் எனக்குப் பிடித்த ஒரு கணக்கு இருக்கிறது, எழுதாமல் இருக்க முடியவில்லை.

மகாமகத்துக்குக் கும்பகோணத்தில் எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும். எல்லாரையும் எண்ண முடியாது. கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் சிறுவர்களையும் ஆயிரம் பெரியவர்களையும் பொறுக்குங்கள். இந்தப் பெரியவர் இந்தச் சிறுவனுக்கு அப்பனா, அம்மாவா என்று ஒவ்வொரு ஜோடியாகப் பாருங்கள். ஜோடி நிறைய அகப்பட்டால் கூட்டம் சிறியது. தேடித் தேடி ஒன்றிரண்டுதான் அகப்பட்டது என்றால் கூட்டம் பெரியது. தென்கடல் நீலத்துடுப்புச் சூரைக்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைத்தான் செய்தார்கள். குஞ்சுகளை ஆஸ்திரேலியாவின் தென்கரையிலும், தாய் மீன்களை இந்தோனேசியாவின் பாலித் துறைமுகத்திலும் எடுத்தார்கள். ஏறக்குறைய 13,000 மாதிரிகளில் கிடைத்தது 45 பெற்றோர்-பிள்ளை ஜோடிகள். அதிலிருந்து கடலில் எத்தனை தாய் மீன் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டார்கள். யாரும் எவ்வளவு பிடித்தேன் என்று சொல்லும் கணக்கை நம்ப வேண்டியதில்லை பாருங்கள், அதுதான் அழகு.

மத்திக்கு இது எடுபடாது. கோடி கோடியாக இருக்கும் மீனில் அப்பனையும் மகனையும் சேர்த்துப் பிடிக்க எத்தனை லட்சம் துடுப்பு வேண்டும்!


அலையாத்தி:

முத்துப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன், நண்டு வியாபாரம். தரங்கம்பாடிக்காரர் கேட்டதால் அவர் ஊர்ப் பெயரில் ஒரு கதை.

எங்கள் காயலில் சேற்று நண்டு இரண்டு வகை. பெரிதாக, பச்சையாக வளர்வது ஒன்று. சிறிதாக, கொடுக்கு சிவந்து இருப்பது இன்னொன்று. எங்களுக்கு இது தாத்தா காலத்திலேயே தெரியும், இரண்டுக்கும் விலை வேறு. புத்தகத்தில் மட்டும் குழப்பம். 1798ல் ஃபாப்ரீசியஸ் என்பவர் ஒரு நண்டுக்கு உங்கள் ஊரின் டேனிஷ் காலப் பெயரை வைத்து ட்ராங்குபாரிகா என்று பெயரிட்டார். நம் நாட்டுப் பெரிய நண்டுதான் அது என்று பல ஆண்டு எழுதிவந்தார்கள். சிறியதைச் செர்ராட்டா என்றார்கள். 2014ல் சீர்காழியைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்து, நம் கரையில் இருப்பது இரண்டே இனம், பெரியதுதான் செர்ராட்டா, சிறியது ஒலிவேசியா என்று எழுதினார்கள். தரங்கம்பாடி பெயர் கொண்ட நண்டு அவர்கள் மாதிரியில் ஒன்றுகூட இல்லை!

பெயர் எப்படி இருந்தால் என்ன என்று கேட்கலாம். சிறிய இனம் சிறிய உடம்பிலேயே சினை வைத்துவிடும். பெரிய இனத்தில் அதே அளவு இருப்பது இன்னும் குட்டி. இரண்டுக்கும் ஒரே அளவு விதி போட்டால் ஒன்றில் குட்டியைக் கொல்வோம், இல்லை மற்றதில் முதிர்ந்ததை வீணாக விடுவோம்.


அணைக்கரை:

இழைக்குச் சம்பந்தமா தெரியவில்லை. கொள்ளிடத்தில் உல்லம் (ஹில்சா மீன்) கடலில் இருந்து ஏறி வந்த கதையை எங்கள் வீட்டில் சொல்வார்கள். 1836ல் கீழணை, 1934ல் மேட்டூர் அணை, அதோடு போயிற்று. வங்காளத்து உல்லத்தின் குஞ்சைக் கொண்டுவந்து இங்கே விட்டால் என்ன? மீன் ஒன்றுதானே.


உவர்நீர்:

சம்பந்தம் இருக்கிறது ஐயா, நிறையவே. காவிரியின் மேல்பகுதியில் திமில் வைத்த மசீர் என்று ஒரு பெரிய மீன் உண்டு. மசீர் குறைகிறது என்று பல ஆண்டுகளாகக் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்து ஆற்றில் விட்டார்கள். நல்ல எண்ணம்தான். விட்டது நீலத்துடுப்பு மசீர், அது காவிரிக்குச் சொந்தமானதே இல்லை. திமில் மசீர் தனி இனம் என்று 2018ல்தான் மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்து உறுதி செய்து, தோர் ரெமாதேவி என்ற பெயரோடு பொருத்தினார்கள். அந்த ஆண்டே அது மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகப் பட்டியலில் ஏறியது. வந்த மீன் ஆற்றை நிரப்பியது, இருந்த மீன் ஒதுங்கிப் போனது. உல்லத்துக்கும் முதலில் துடுப்பு, அப்புறம்தான் குஞ்சு. அதற்கும் முன்னால் அணையில் ஏறுவதற்கு வழி வேண்டும், அது வேறு கதை.


தரங்கைப் படகு:

எல்லாருக்கும் நன்றி. பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். துபாய்த் தொப்பை உவமைக்குச் சிரித்தார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு விஷயம் மனத்தை உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். அந்த வியாழக்கிழமை எங்கள் கரையில் மத்தி பிடிபடவே இல்லை. இரண்டு நாளாகச் சோழகக் காற்று, பாதிப் படகு போகவில்லை. அந்தக் குவியல் விடியற்காலையில் ஐஸ் வண்டியில் வந்தது. எந்த ஊர் மீன் என்று ஏலக்காரருக்கே சரியாகத் தெரியாது. மாணவர்கள் "இது எங்கே பிடித்தது?" என்று கேட்டார்கள். வெளியூர் மீன் என்று சொன்னால் விலை இறங்கிவிடும் என்று வாய்ப் பழக்கத்தில் "இங்கேதான், இன்றைக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பேசவில்லை. உவர்நீர் அம்மா எழுதியதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. அது கேரளத்து மீனாகவே இருந்தால்?


உவர்நீர்:

அப்படியானால் கேரளத்து மத்தியும் கேரளத்து மத்தியும் ஒரே கூட்டம் என்று முடிவு வரும். அச்சிட்டும் விடுவார்கள். அண்ணா, இன்றைக்கே அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். வருத்தப்படுவார்கள், ஆனால் கடைசி ஆண்டில் தெரிவதைவிட இப்போது தெரிவது மேல்.

நீங்கள் வெட்கப்படவும் வேண்டாம். நான் சேர்ந்த முதல் ஆண்டு, குப்பிகளின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் ஊரும் தேதியும் எழுதி ஒட்டினேன். குப்பிக்குள் இருக்கும் எத்தனால், உங்கள் பெரியப்பா சாராயம் என்று முகர்ந்தது, கசிந்தது. நான்கு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் நீலக் கறை மட்டும்தான், ஒரு பெயர் இல்லை. பழவேற்காடு எது, கோடியக்கரை எது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். இருநூறுக்கும் மேற்பட்ட குப்பிகளைக் கொட்டிவிட்டு மறுபடி கடற்கரை கடற்கரையாக அலைந்தேன். எங்கள் ஆய்வகத்தில் ஒருவரும் அதை முன்பே சொல்லித் தரவில்லை.

ஏலக்கூட மீன் வேண்டாம். உங்கள் வலையில், உங்கள் கண் முன்னால் ஏறிய மீன் வேண்டும். முடிந்தால் சினையோடு இருப்பது. சினை மீன்தான் பிறந்த கூட்டத்தோடு நிற்கும், மற்ற நாளில் இரை தேடி எல்லாம் கலந்து திரியும். கேரளத்தில் மத்தி தென்மேற்குப் பருவமழையோடு சினை விடுகிறது. உங்கள் வலையில் எந்த மாதம் வயிறு நிறைந்து வருகிறது என்பதை நீங்கள் நாட்காட்டியில் குறித்துவைத்தாலே மரபணுவுக்குப் பாதி வேலை மிச்சம். ஒரே நாளில் ஐம்பது எடுப்பதைவிட வேறு வேறு ஆண்டில், அதே பருவத்தில் எடுத்தால் இன்னும் நல்லது.


தரங்கைப் படகு:

கூப்பிட்டேன். அந்தப் பெண்தான் எடுத்தாள். நான் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஐயா, பழைய ஐம்பதையும் எறியப் போவதில்லை, ஊர் தெரியாத மீன் என்று எழுதித் தனியாக வைக்கிறேன்" என்றாள். நேற்று பஸ்ஸில் அறுபது குப்பியும் ஒரு கத்திரியும் கொடுத்தனுப்பினாள். படகில் இடம் கேட்டாள், அலை அடங்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை நானே நறுக்கிவைக்கிறேன்.

எத்தனால் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? ஃபார்மலின் இங்கே ஒருவரிடம் இருக்கிறது.


உவர்நீர்:

ஃபார்மலின் தொடவே தொடாதீர்கள், மரபணுவைச் சிதைத்துவிடும். உப்புப் போட்டுக் காயவைத்தால்கூடப் போதும், கருவாட்டில் இருந்தே நாங்கள் எடுத்திருக்கிறோம். கத்திரியை ஒவ்வொரு மீனுக்கும் துடைத்துவிட்டு நறுக்குங்கள், இல்லையென்றால் முதல் மீன் இரண்டாவது மீனுக்குள் போய்விடும். சின்னத் தாளில் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளே போடுங்கள்.


தரங்கைப் படகு:

பென்சில் பேத்தியிடம் வாங்கிவிட்டேன். இன்று விடியற்காலையில் பதினேழு மீன். ஆறு பாகம் ஆழத்தில், சங்கிலித்தொடர் மாதிரி வலையில் மாட்டியிருந்தன. மூன்றில் சினை இருந்தது. பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் வயிற்றை அமுக்கிப் பார்த்து நெய் இல்லை, நெய் இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதையும் தாளில் எழுதிப் போட்டிருக்கிறேன்.